எலியை விடு, விசையைப் பிடி

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க உட்கார்ந்தேன். ஆவல் என்று தட்டியதும் என் கணினி அதை உரக்கப் படித்துக் காட்டியது, கேட்க எனக்கே பொய்யாக இருந்தது. ஆவல் இல்லை கண்ணு, பயம். ஆகவே திருத்தி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், நீ நலமாக இருக்கிறாயா என்று பயம். உனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, அதை நீ எங்களிடம் மறைக்கிறாய். நேராகவே சொல்லிவிட்டேன், ஏனென்றால் போனில் சொன்னால் முதல் சொல்லிலேயே குறுக்கே புகுந்து "அது இருக்கட்டும்மா, மழை பெய்யுதா அங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது. கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இதுவரைக்கும் கண்ணால் வந்துவிட்டாய் அல்லவா, எழுத்தைப் பெரிதாக வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன், ஆனாலும் போதும். முகத்தைத் திரையில் ஒட்டவைத்துக்கொண்டு, ஒரே சொல் திரை முழுக்க நிற்கும்படி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பாய், அந்தக் கூத்தை நானும் ஆடியவள்தான். இப்போது கண்ட்ரோல், விண்டோஸ், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்து. உள்ளேயிருந்து ஒரு குரல் பேசும். அதுதான் ஸ்கிரீன் ரீடர், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பது. என்னுடையதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேனே, அவளுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. தமிழ்க் குரலையும் அமைப்பில் தேடி ஏற்றிக்கொள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்தைக் கண்டதும் திருதிருவென்று முழிக்கும். பிறகு இந்தக் கடிதத்தில் நின்றுகொண்டு இன்செர்ட் விசையை அழுத்தியபடி கீழ் அம்பைத் தட்டு. மடிக்கணினியில் இன்செர்ட் மூலையில் எங்காவது ஒளிந்திருந்தால் கேப்ஸ் லாக்கும் அதே வேலையைச் செய்யும். அவ்வளவுதான், நான் உன் காதில் கடகடவென்று கொட்ட ஆரம்பித்துவிடுவேன். என் வாயை மூட வேண்டுமா, கண்ட்ரோலை ஒரு தட்டு. இதைக் கேட்டுவிட்டு உன் அப்பா, "இத்தனை வருஷமா இந்த பட்டன் எங்க இருந்துச்சு" என்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன மாதம் ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு வீடியோவில் பேசினோம், நான் புது ஸ்வெட்டர் வாங்கிய கதையைச் சொன்னேன். "ரொம்ப எடுப்பா இருக்கும்மா, ஆனா முகம்தான் கொஞ்சம் வாடிப் போயிருக்கு" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நீ போனை வைத்த கையோடு அப்பா லிஃப்ட் வேலை முடிந்து வந்தார், வாசலிலேயே எதிலோ இடறி, "ஏம்மா, வீட்டுல ஒரு லைட்டு கூட இல்லாம இருட்டுல உக்காந்து யார்கிட்ட பேசிட்டு இருந்தே" என்றார். நான் விளக்குப் போட மறந்திருக்கிறேன். எனக்கு விளக்கு என்பது அப்பாவுக்காக ஏற்றுவது, அவர் இல்லாவிட்டால் அந்த நினைப்பே வராது. என் திரையையும் கறுப்பாக்கித்தான் வைத்திருப்பேன், அதற்கு ஒரு வசதி இருக்கிறது, நான் தட்டச்சு செய்யும் மருத்துவமனைக் காகிதங்களைப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அலுவலகத்தில் பழகியது. அதனால் திரை வெளிச்சம்கூட என் முகத்தில் விழுந்திருக்காது. உனக்கு வந்தது கும்மிருட்டு. அந்தக் கும்மிருட்டில் நீ ஸ்வெட்டரையும் பார்த்தாய், முக வாட்டத்தையும் பார்த்தாய்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ வேற ஏதோ வேலை பாத்துட்டே ஒப்புக்குச் சொல்லியிருப்பா, நீ உடனே ஊரைக் கூட்டாதே" என்றார். இருக்கலாம் என்று நானும் நினைத்தேன், ஆனால் நினைத்துவிட்டுச் சும்மா இருந்தால் அது நான் இல்லையே. எனக்கு வயது பதினாறிலேயே நின்றுபோய்விட்டது என்று உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் கதவில் குறி போடும் தடிமனான கறுப்பு மார்க்கரை அவர் கையில் கொடுத்து, என் மூக்குக்குக் கீழே ஒரு மீசை வரையச் சொன்னேன். மனிதர் ரசித்து வரைந்தார். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, கேட்காமலே தாடையில் ஒரு மச்சமும் வைத்தார். எல்லா விளக்கையும் போட்டோம். நீ என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிப்பாய், அப்பா சொன்னதுதான் சரியென்று ஆகிவிடும், அப்புறம் அப்பனும் மகளுமாகச் சேர்ந்துகொண்டு ஒரு வாரம் என்னை ஓட்டுவீர்கள், அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். நீ சிரிக்கவில்லை. பொறுக்க முடியாமல், "என்னை நல்லாப் பாரு, ஏதாவது வித்தியாசம் தெரியுதா" என்று நானே கேட்டேன். "முடி வெட்டியிருக்கேல்ல, நல்லா இருக்கும்மா, வயசே தெரியல" என்றாய். எனக்குப் பின்னால் நின்ற அப்பாவின் மூச்சு மாறியது. போனை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்திருந்தாயாம், ஆனால் பார்வை மட்டும் முகத்தில் நிற்காமல் காதைத் தாண்டி எங்கோ பக்கவாட்டில் போயிற்றாம். அவர் கேமராவுக்கு எதிரிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம், அதையும் நீ பார்க்கவில்லை. மீசை தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை, இரண்டு நாள் முகமூடி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் செய்த குறும்புகளில் ஒருத்தரும் சிரிக்காதது இது ஒன்றுதான்.

பக்கவாட்டுப் பார்வை எனக்குத் தெரியும் கண்ணு. யாரோ எண்ணெய்க் கையின் பெருவிரலைக் கண்ணாடியின் நடுவில் வைத்து அழுத்தினாற்போல ஒரு கறை விழும். நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, ஓரக்கண்ணால் பார்த்தால் பாதி முகம் இருக்கும். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உனக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா. மூக்கை அப்பாவிடம் வாங்கினாய், பிடிவாதத்தைச் சித்தியிடம் வாங்கினாய், என்னிடம் வந்து கண்ணைத்தானா கேட்டாய். கண்ணே கண்ணே என்று கொஞ்சியது தப்பாகப் போயிற்று, மூக்கே என்று கொஞ்சியிருக்க வேண்டும். சிரிக்கிற மாதிரி எழுதுகிறேனே தவிர, வாயாடி ஒரே எழுத்தை நாலு முறை சொல்லிக் காட்டுகிறாள், அழித்து அழித்து அடிக்கிறேன்.

என் பயத்தை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். லாரிகள் போகும் அந்தச் சாலையில் நீ இன்னமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறாய். சாயங்காலம் திரும்பி வரும்போது எதிர் விளக்குகள் கண்ணில் அடிக்குமே, அப்போது உனக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாது. நீ பார்க்கும் வேலையோ மருந்துப் பெட்டிகளின் மேல் அச்சாகும் எழுத்துகளைச் சரிபார்ப்பது. அதில் ஒரு புள்ளி தப்பினால் யாரோ ஒருவர் ஒரு மாத்திரைக்குப் பத்து மாத்திரை விழுங்குவார், அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்கும் இறங்காது என்று தெரியும், ஏனென்றால் இப்போதெல்லாம் இரண்டு மடங்கு நேரம் அலுவலகத்தில் இருக்கிறேன் என்று நீயே உளறிவிட்டாய். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், இவ்வளவையும் நீ தனியாக ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு தெரிகிற மாதிரி நடித்துக்கொண்டிருப்பது. பார்க்கிறவர்களுக்கு அது நன்றாக இருக்கும். நடிக்கிறவளுக்கு இடுப்பு ஒடியும்.

ஆகவே கைக்கு வேலை கொடு, எனக்குத் தெரிந்து இந்தப் பயத்துக்கு வேறு மருந்து கிடையாது. முதலில் எலியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டு. திரையில் அந்தத் துக்கடா அம்பு எங்கே போயிற்று என்று தேடித் தேடியே கழுத்து பிடித்துக்கொள்ளும், எலி பிடிக்கிற வேலையைப் பூனை பார்க்கட்டும். விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்னக் கோடு மாதிரி மேடு இருக்கும், தடவிப் பார், ஆள்காட்டி விரல்களுக்கு அதுதான் வீடு, எங்கே சுற்றினாலும் அங்கே திரும்பி வர வேண்டும். அப்புறம் இன்செர்ட்டோடு ஒன்று என்ற எண்ணை அழுத்து. அதன் பிறகு நீ எந்த விசையைத் தொட்டாலும் அது தன் பெயரை மட்டும் சொல்லும், வேறொன்றும் செய்யாது. எதையாவது தொட்டு எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று எனக்கு ஆரம்பத்தில் உள்ளங்கை வியர்க்கும், அப்போது இதைப் போட்டுவிட்டுப் பியானோ வாசிப்பதுபோல் வாசித்துத் தள்ளுவேன். திரும்ப இன்செர்ட்டோடு ஒன்றை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதை மறந்துவிட்டு ஒருநாள் முழு மருத்துவ அறிக்கையையும் அடித்து முடித்தேன், வாயாடியும் சளைக்காமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், காகிதத்தில் ஒரு எழுத்து ஏறவில்லை.

டேப் அடித்தால் அடுத்த பட்டன், அடுத்த கட்டம் என்று முன்னால் போகும், ஷிஃப்டோடு டேப் அடித்தால் பின்னால் வரும். இதைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் டேப் டேப் என்று ஒரு பக்கம் முழுக்க நடந்தேன், அது பேருந்தில் ஒவ்வொரு ஆளாக இடித்துக்கொண்டு கடைசி இருக்கைக்குப் போவதுபோல. இணையப் பக்கத்தில் அப்படி நடக்காதே, எச் தட்டு, தலைப்புக்குத் தலைப்பு தாவும். பி தட்டினால் பட்டனுக்கு, கே தட்டினால் இணைப்புக்கு, டேபிளுக்கு வரும் டி தட்டினால் அட்டவணைக்கு. எதையும் ஷிஃப்டோடு தட்டினால் வந்த வழியே திரும்பும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இன்செர்ட்டோடு எஃப் ஏழு. ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் விழுவார்கள். தாவுகிற நிலை வேறு, எழுதுகிற நிலை வேறு. எங்கள் மேலாளரம்மாவின் பெயரை ஒரு கட்டத்தில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு நான் தாவுகிற நிலையில் நின்று அடித்தேன், அவர் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் என்னை ஒவ்வொரு மூலைக்குத் தூக்கி எறிந்தது, கடைசியில் எண்டரும் தட்டினேன், அவருக்கு ஒருநாள் விடுப்புக்கு விண்ணப்பம் போய்விட்டது. "எனக்கே தெரியாம எனக்கு லீவு போட்ட ஒரே ஆள் நீதான்" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். இன்செர்ட்டோடு ஸ்பேஸ் தட்டினால் ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாறும், அடிக்கும் முன் காதைக் கொடுத்து எதில் நிற்கிறாய் என்று கேட்டுக்கொள்.

எங்கே இருக்கிறோம் என்றே சில நேரம் தெரியாமல் போகும், வாலு. கண் இருந்தால் ஒரு பார்வையில் தெரிவது, இல்லாவிட்டால் கேட்டுத்தான் தெரிய வேண்டும். பதறிப்போய் நாலு விசையை அழுத்தாதே, கையை எடு. இன்செர்ட்டோடு அதே டி, எந்த ஜன்னலில் இருக்கிறாய் என்று சொல்லும். இன்செர்ட்டோடு டேப், எதன் மேல் நிற்கிறாய் என்று சொல்லும். கண்ட கண்டதெல்லாம் திறந்துகிடந்தால் எஸ்கேப், வேறு ஜன்னலுக்குப் போக ஆல்ட்டோடு டேப். குரல் முதலில் ஆமை வேகத்தில் இருக்கட்டும், வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போ. ஒருநாள் என் ஹெட்போன் கழன்றது தெரியாமல் ஒரு டாக்டரின் கடிதம் அறை முழுக்கக் கேட்டிருக்கிறது, ரகசியம் போச்சே என்று எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் என் வேகத்தில் ஒருத்தருக்கும் ஒரு சொல் பிடிபடவில்லை, கணினிக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உன் வேலைக்கும் இது உதவும். எழுத்தைப் பார்த்துச் சரிபார்ப்பவர்களுக்குத் தப்பு கண்ணில் படாமல் நழுவும், மனசே சரியாகப் படித்துக்கொள்ளும். வலது அம்பால் எழுத்தெழுத்தாக, கண்ட்ரோலோடு வலது அம்பால் சொல் சொல்லாகக் கேட்டுப் பார், புள்ளி இருந்தால் புள்ளி என்று சொல்லும், இல்லாவிட்டால் சொல்லாது, முகதாட்சண்யம் பார்க்காது. ஆனால் நிறமும் படமும் உன் காதுக்கு வராது, அதை வேறு ஒருவர்தான் பார்க்க வேண்டும். ஆகவே உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு. பெட்டி தப்பாகப் போன பிறகு சொல்வதற்கும் முன்னாலேயே சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். வேலை போய்விடுமோ என்று பயப்படுவாய். போகலாம். போகாது என்று உனக்கு நான் சத்தியம் செய்ய முடியவில்லை.

குடும்பத்தில் வருவது என்பதால் சித்தியும் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தாள், அவளுக்கு ஒன்றும் இல்லையாம், அதைச் சொல்லும்போது ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள், நான்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. அப்பா அந்த மீசை நாளிலிருந்து வீட்டில் கிரீச்சிடுகிற கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். கிரீச்சிடாத கதவுக்கும் விட்டார். கேட்டால், "சும்மா இரு, நாளைக்கு கிரீச்சிடும்" என்கிறார். உன்னிடம் அவர் பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைக்காதே, பேசினால் உடைந்துவிடுவார்.

நான் உன்னிடம் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலையில் உன் ஊரில் இறங்குகிறேன், விமானத்தின் எண்ணையும் நேரத்தையும் தனியாக அனுப்புகிறேன். நானே எடுத்தேன், அம்புகளால் நாட்காட்டியில் நாள் நாளாக நடந்து, பெயர்க் கட்டம், வயதுக் கட்டம் எல்லாம் நிரப்பினேன். இருக்கைப் படம் மட்டும் வாயாடிக்கு விளங்கவில்லை, பட்டன், பட்டன், பட்டன் என்று புலம்பினாள், ஏதோ ஒன்றில் எண்டர் தட்டினேன், அது கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், என் ராசி அப்படி. அப்பா நானும் வருகிறேன் என்றார். "நீங்க வந்தா அப்பாவும் மகளும் சேர்ந்து உக்காந்து அழுவீங்க, டீ யார் போடறது" என்று நிறுத்திவிட்டேன். உண்மையில் அவருக்கு விடுப்பும் இல்லை, மருத்துவமனையில் லிஃப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் தனியாக விமானம் ஏறியதில்லை. ஏறுகிற இடம், மாறுகிற இடம், கழிவறைக் கதவு, பக்கத்தில் உட்காரும் ஆள் என்று தூக்கத்தில்கூட ஒவ்வொன்றாகப் பயந்து பார்த்துவிட்டேன். ஆனாலும் வருகிறேன். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் விரல் மேல் என் விரலை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன், அதற்குள் நீ டேப்பாவது பழகியிரு, இல்லாவிட்டால் காதைத் திருகுவேன், காது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், சாலை உனக்கு விலகி வழிவிடட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் நிற்கட்டும். மறக்காமல் கண் டாக்டரிடம் நாள் வாங்கி வை, நானும் கூட வருவேன். நாளையிலிருந்து சைக்கிள் வேண்டாம், பேருந்தில் போ, இதை மட்டும் எதிர்த்துப் பேசாதே.

இன்னும் ஒன்று. விமான நிலையத்துப் பெண் ஒருத்தி என்னைக் கைபிடித்து வெளிக்கதவு வரைக்கும் கொண்டுவந்து விடுவாளாம். நீ எதிரில் நிற்பாய், உனக்குக் கூட்டத்தில் என் முகம் தெரியாது, எனக்கு உன்னையும் தெரியாது, கூட்டத்தையும் தெரியாது. என்ன உடுப்பு, என்ன நிறப் பெட்டி என்று சொல்லி நமக்குப் புண்ணியமில்லை. அதனால் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா என்று கூப்பிடு. வாய்க்குள் முணுமுணுக்காதே, கத்து. அப்படிக் கத்தினால் "எனக்குக் கண் தெரியவில்லை" என்று நூறு பேர் முன்னால் சொன்ன மாதிரி ஆகுமே என்று உனக்குக் கூசும். ஆகட்டும். நீ கூப்பிடாவிட்டால் நான் கதவருகிலேயே நிற்பேன், நகர மாட்டேன், எத்தனை நேரமானாலும் சரி. கூப்பிட்டாயானால் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
நீ கூப்பிடும் திசைக்கு நடந்து வரும்
உன் அம்மா